நுவரெலியா குளிர்ல சமைக்கிறதும் கண்டிக்குப் போய் சாப்பிடுறதும்: தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களும் வாசிப்பாங்க. யாழ்ப்பாணத்துலருந்து வேலைக்கு நுவரெலியாவுக்கு மாறி வந்திருக்கீங்க, அனெக்ஸ் ஒன்னுல தனியா சமைச்சு சாப்பிடுறீங்க. தோசமா பொங்க மாட்டேங்குது, கடலை எவ்வளவு அவிச்சாலும் உள்ள கெட்டியாவே இருக்கு, தேத்தண்ணிக்கு பேர் போன ஊர்ல நீங்க போடுற தேத்தண்ணில சாயமே ஏறுதில்ல. டவுன்ல கடைக்குப் போனா எங்க பாத்தாலும் ப்ரைட் ரைஸும் கொத்தும்தான், அதுவும் ஆறிப்போய் கிடக்குது. மலையக சாப்பாடுன்னு ஒன்னு இருக்கா, லீவு நாள்ல கண்டிக்குப் போனா எங்க சாப்பிடலாம்னு கேட்டிருக்கீங்க.

நான் பொறந்து வளந்து சமைச்சு சாப்பிட்டு இருக்கிறதெல்லாம் இந்த மலையிலதான், கடை கடையா ஏறி எறங்கி சாப்பிடுறதும் எனக்கு பெரிய ஆசை. அதனால சொல்றேன், நீங்க தனித்தனியா கேட்ட இந்த எல்லாத்துக்கும் காரணம் ஒன்னுதான், உயரமும் குளிரும். அத புரிஞ்சிக்கிட்டீங்கன்னா வீட்டு அடுப்பும் சரியாகும், எந்தக் கடைக்கு எத்தன மணிக்குப் போகணும்னும் தெரிஞ்சிடும்.

நுவரெலியா டவுன் கடல் மட்டத்துலருந்து 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு. மேல போகப்போக காத்தோட அழுத்தம் கொறையும், அழுத்தம் கொறஞ்சா தண்ணி சீக்கிரமே கொதிக்கும், கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரின்னு வச்சுக்கங்க. யாழ்ப்பாணத்துல 100 டிகிரில கொதிச்ச தண்ணி இங்க 94 டிகிரி பக்கத்துலயே தளபுளன்னு கொதிக்க ஆரம்பிச்சிடுது, அதுக்கு மேல நீங்க கேஸ் எவ்வளவு கூட்டினாலும் தண்ணி சூடாகாது, ஆவியாத்தான் போகும். பாக்கிறதுக்கு கொதிக்குது, ஆனா கடலைக்கு தேவையான சூடு அதுல இல்ல. அதனால இங்க பிரஷர் குக்கர் இல்லாம கொண்டைக்கடலை, பச்சப்பயறு, மாட்டெறச்சி எதுவும் அவிக்க நினைக்காதீங்க, கேஸும் வீண் நேரமும் வீண். குக்கருக்குள்ள 120 டிகிரிக்கு கிட்ட போயிடும், யாழ்ப்பாணத்துல விட்டத விட ரெண்டு விசில் கூட விட்டுக்கங்க.

ஊற வைக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இங்க குழாய்ல வர்ற தண்ணி அவ்வளவு குளிர், அதுல கடலைய ராத்திரி முழுக்க போட்டு வச்சாலும் பாதிதான் ஊறும். கை பொறுக்கிற சூட்டுல சுடுதண்ணி ஊத்தி மூடி வைங்க, அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டா இன்னும் நல்லது. புளி, தக்காளி ரெண்டையும் கடலையோ பருப்போ நல்லா அவிஞ்ச பிறகு மட்டும் சேருங்க, புளிப்பு பட்டா தோல் இறுகிடும், இந்த உயரத்துல அப்புறம் அது எளகவே எளகாது. இங்க வீட்டுக்கு வீடு மைசூர் பருப்பு கறி அடிக்கடி வைக்கிறதுக்கு விலை ஒரு காரணம்னா, அது தோல் நீக்கின சின்ன பருப்பு, குக்கர் இல்லாமயே இந்த சூட்டுல கரைஞ்சிடும்ங்கிறது இன்னொரு காரணம். சோறுக்கு ரைஸ் குக்கர் வச்சிருந்தா கால் கப் தண்ணி கூட ஊத்தி, சுவிட்ச் மேல வந்த பிறகும் பதினஞ்சு நிமிஷம் மூடிய தொறக்காம விடுங்க, அவ்வளவுதான்.

இப்ப தோசமா. இதுல நான் ரொம்ப கவனம் எடுக்கிறவள், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மா பொங்குறது அதுல இருக்கிற கண்ணுக்கு தெரியாத நுண்ணுயிர்களாலதான், அதுகளுக்கு 28லருந்து 32 டிகிரி வரைக்கும் சூடு வேணும், அந்த சூட்டுல எட்டு பத்து மணித்தியாலத்துல வேலைய முடிச்சிடும். நுவரெலியால வருஷத்து சராசரியே 16 டிகிரி பக்கம், தை மாசி ராத்திரில கேக்கவே வேணாம், புல்லு மேல ஐஸ் பூக்கிற நாளும் வரும். அந்த குளிர்ல மா செத்தா போகுது, இல்ல, தூங்குது. அத எழுப்பணும்.

உளுந்தும் அரிசியும் ஊற வைக்கிறப்பவே இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்துங்க, ஒரு தேக்கரண்டி வெந்தயம் உளுந்தோடயே ஊறட்டும், அரைக்கிறப்ப ஒரு கைப்பிடி சோறும் சேத்து, அரைக்கிற தண்ணியும் வெதுவெதுப்பா இருக்கட்டும். அரைச்சு முடிச்சு கைய விட்டு நல்லா கலக்குங்க, கரண்டியால இல்ல, கையால. போன தடவ மா ஒரு கரண்டி மிச்சம் வச்சிருந்தா அதையும் ஊத்திடுங்க, அதுதான் ஒற. பிறகு மீன் கடைல, மரக்கறி கடைல ரெஜிபோம் பெட்டி, அந்த வெள்ளை நுரைப் பெட்டி, சும்மாவே கிடைக்கும், கேட்டு வாங்கி கழுவி வச்சுக்கங்க. அதுக்குள்ள மா பாத்திரத்த வச்சு, பக்கத்துல ரெண்டு போத்தல்ல சுடுதண்ணி நெரப்பி வச்சு மூடி, மேல பழைய கம்பளி ஒன்ன கைக்குழந்தைக்கு போத்துற மாதிரி போத்தி விடுங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா சுடுதண்ணி மாத்துங்க. காலைல மா மேல வந்திருக்கும். வரலன்னா அவசரப்பட்டு சோடா போட்டு சுடாதீங்க, மறுபடி போத்தல் மாத்திட்டு மத்தியானம் வரைக்கும் விடுங்க, ராத்திரிச் சாப்பாட்டுக்கு தோசை ஆகட்டும், நல்ல மா கெட்டுப்போறத விட சாப்பாட்டு நேரத்த மாத்துறது லேசு.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்ல, அதாவது லயத்துல, இருக்கிறவங்களுக்கு ரெஜிபோம் எல்லாம் தேவைப்பட்டதில்ல. தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டினா விழுற குச்சிய மிலாறுன்னு சொல்லுவோம், காஞ்சதும் அது நல்ல வெறகு, அது எரிஞ்ச அடுப்புல ராத்திரி முழுக்க சாம்பலுக்குள்ள நெருப்பு இருக்கும், அந்த அடுப்படி ஓரமா பானைய வச்சா போதும். தீவாளி, பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி லயத்துல ஒவ்வொரு அடுப்புப் பக்கத்துலயும் மா பானை இருக்கும். 2022ல கேஸ் தட்டுப்பாடு வந்தப்ப டவுன்ல எத்தனையோ பேர் தவிச்சாங்க, மிலாறு அடுப்பு இருந்த வீடுகள்ல அடுப்பு எரிஞ்சிட்டேதான் இருந்துச்சு.

இன்னொரு குளிர் விஷயம் எண்ணெய். யாழ்ப்பாணத்துல நல்லெண்ணெய் பாவிச்சு பழகியிருப்பீங்க, அது இங்கயும் ஓடும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சிடும், நுவரெலியால அது போத்தல்ல முக்கால்வாசி நாள் வெள்ளையா கட்டியாத்தான் இருக்கும், அதனால வாய் அகலமான போத்தல்ல ஊத்தி வச்சு கரண்டியால எடுங்க. தேங்காப்பால் ஊத்தின கறியும் ஆறினா மேல வெள்ளையா ஆடை கட்டும், அது கெட்டுப்போனது இல்ல, கொட்டிடாதீங்க, சூடாக்கினா போயிடும். இந்த எண்ணெய் உறையிற விஷயத்த மனசுல வச்சுக்கங்க, கடைச் சாப்பாட்டுக்கு வர்றப்ப மறுபடி சொல்றேன்.

தேத்தண்ணிக்கு வருவோம். நீங்க நுவரெலியா தேயிலையே வாங்கி அதுல பால்மா போட்டு குடிக்கிறீங்கன்னு நினைக்கிறேன், அதுதான் சாயம் ஏறல. நுவரெலியா தேயிலைக்கு நிறம் கொறைவு, வாசம்தான் அதோட குணம், அத பிளேன்டீயா குடிக்கணும். பால் தேத்தண்ணிக்கு பீஓபீஎஃப்னு சொல்ற சின்னத் தூள் ரகம் இல்லன்னா அத விட பொடியான டஸ்ட் வாங்குங்க, டிம்புள்ள பக்கத்துதோ அத விட கீழ வெளஞ்சதோ இருக்கட்டும், கீழ போகப்போக சாயம் கடுமையா இருக்கும். 4,000 அடிக்கு மேல வெளையிறத உயர்நிலத் தேயிலைன்னும், 2,000லருந்து 4,000 அடி வரைக்கும் வெளையிறத நடுநிலம்னும், அதுக்கு கீழ தாழ்நிலம்னும் பிரிச்சு வச்சிருக்காங்க. டிம்புள்ள, நுவரெலியா பக்கம் தை, மாசி, பங்குனில காத்தடிக்கிறப்ப பறிச்ச கொழுந்துக்கு தனி வாசம், ஊவா பக்கம் ஆடி ஆவணிலதான் அந்த நல்ல காலம், பதுளை பண்டாரவளைல யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அந்த மாசத்துல கேட்டு வாங்குங்க. தேயிலை ருசி பாக்கிறவங்களுக்கு சர்வதேச அளவு ஒன்னு இருக்கு, 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூள், மூடி வச்சு 6 நிமிஷம். வீட்டுக்கு 6 நிமிஷம் கசக்கும், நாலு நிமிஷம் போதும், ஆனா மூடி வைக்கிறத மட்டும் விடாதீங்க, ஏற்கனவே 94 டிகிரில கொதிச்ச தண்ணி தொறந்து வச்சா மளமளன்னு எறங்கிடும். தேத்தண்ணி போத்தல, கோப்பைய முதல்ல சுடுதண்ணி ஊத்தி சூடாக்கிக்கங்க. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டதுலருந்து இன்னிக்கு வரைக்கும் நல்ல தூள் எல்லாம் கப்பல் ஏறிட்டேதான் இருக்கு, அந்தக் கொழுந்த பறிச்ச கை தோட்டத்துல டஸ்ட்ட போட்டுத்தான் குடிக்குது. ஆனாலும் அந்த டஸ்ட்ல இஞ்சி தட்டிப்போட்டு காலைல பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்க, போறதுக்கு முன்னாடி எங்கம்மா போட்டுக்குடுத்த சாயத்தண்ணிக்கு நிகரா ஒரு ஹோட்டல்லயும் நான் குடிச்சதில்ல.

மலையக சாப்பாடு ஒன்னு இருக்கான்னு கேட்டீங்களே, இருக்கு தம்பி, நல்லாவே இருக்கு. அது கடை போர்ட்ல எழுதலங்கிறதுதான் எனக்கு ஆத்தாமை. எங்க சாப்பாட்டுக்கு நடுவுல இருக்கிறது ரொட்டியும் கட்டச் சம்பலும். கோப்பிக் காலத்துலருந்து தோட்டத்துல அரிசிய குடுத்து சம்பளத்துல கழிச்சிட்டு வந்தாங்க, பிறகு கூப்பன் மா, பிறகு கடை மா, 1980ல திருகோணமலைல பிரிமா ஆலை ஓட ஆரம்பிச்ச பிறகு கோதுமை மா எல்லா கடைலயும் தாராளமாச்சு. 1973, 74ல மாவும் அரிசியும் வெட்டினப்ப தோட்டங்கள்ல மனுசங்க பட்டினில செத்திருக்காங்க, பெரியவங்க அத இன்னும் பஞ்ச காலம்னுதான் சொல்லுவாங்க. அந்த ஞாபகம் இருக்கிறதாலதான் ஒரு ரொட்டித் துண்டு தரைல விழுந்தா எடுத்து கண்ணுல ஒத்திக்கிற கிழவிங்க எங்க பக்கம் இருக்காங்க.

ரொட்டி சுடுறது இப்படி. ரெண்டு கப் கோதுமை மா, முக்கால் கப் தேங்காப்பூ, உப்பு. தேங்கா இங்க காய்க்காது, கீழருந்துதான் வரணும், விலையும் கூட, அதனால தோட்டத்து ரொட்டில தேங்கா கொறைவாத்தான் இருக்கும், இல்லாமயும் சுடுவாங்க. தண்ணி நல்ல சூடா இருக்கணும், பச்சத்தண்ணில பெசஞ்சா இந்த குளிருக்கு ரொட்டி ஆறின உடனே வெறைச்சு கடிக்கவே ஏலாம போயிடும், சுடுதண்ணில மா பாதி வெந்துடும், அதனால மறுநாள் மலையில பத்து மணிக்கு சாப்பிட்டாலும் மெதுவா இருக்கும். கொழுந்து எடுக்கப் போறவங்க பொட்டணம் கட்டிக்கிட்டு போறது அத நம்பித்தான். கால் மணித்தியாலம் ஈரத்துணி போட்டு மூடி வச்சு, உருண்டை பிடிச்சு, கையாலயே தட்டி, இரும்புத் தட்டுல எண்ணெய் விடாம ரெண்டு பக்கமும் சிவக்க சுட்டு, கடைசியா ஓரத்த நெருப்புல நேரா காட்டி எடுங்க. கொஞ்சம் தடிப்பாவே இருக்கட்டும், மெல்லிசா தட்டினா அது வேற ரொட்டி.

கட்டச் சம்பலுக்கு காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு, தேசிக்காய் இவ்வளவுதான். மிக்ஸில போட்டா தண்ணி விட்டு கூழாயிடும், உரல் இல்லன்னா சின்னதா ஒன்னு வாங்குங்க, மிளகாயும் உப்பும் முதல்ல இடிச்சு, பிறகு மாசி, கடைசியா வெங்காயம், வெங்காயத்த நசுக்கினா போதும் அரைக்கக் கூடாது. தேசிப்புளி சாப்பிடுறப்ப மட்டும். மரத்தக்காளி சீசன்ல அத நெருப்புல சுட்டு தோல உரிச்சு இதே உரல்ல கொச்சிக்காயோட இடிச்சுப் பாருங்க, பண்டாரவளை, வெலிமடை பக்கம் வீட்டுத் தோட்டத்துல அந்த மரம் நெறைய, புளிப்பும் ஒரு தினுசு வாசமும் ரொட்டிக்கு அப்படி பொருந்தும்.

கருவாடு அடுத்தது. கடல் மீன் இங்க ஏறி வர்றதுக்குள்ள களைச்சிடும், யாழ்ப்பாணத்து மீன் சாப்பிட்ட நாக்குக்கு அது பிடிக்காது, மனச தேத்திக்கிட்டு கருவாட்டுக்கு மாறுங்க. கட்டா கருவாட்ட சுடுதண்ணில பத்து நிமிஷம் போட்டு உப்பு எறக்கி, லேசா பொரிச்சு, வெலிமடை உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், சின்ன வெங்காயம் போட்டு புளிவிட்டு கடைசில கொஞ்சமா தேங்காப்பால். லீக்ஸ் அதுக்கு நேர்மாறு, இங்க வாங்குறது காலைல பிடுங்கினதா இருக்கும், கொழும்புக்கு போய் மூணு நாள் கழிச்சு வாங்குற லீக்ஸ் இல்ல. தண்டு வெள்ளையா வரணும்னு மண்ண அணைச்சு வளக்கிறதால மடல் மடலா மண்ணு இருக்கும், நீளவாக்குல பொளந்து தண்ணில அலசுங்க, பச்சப் பகுதிய வீசாதீங்க. மாசியும் கொச்சிக்காயும் மஞ்சளும் போட்டு தாளிச்சு எறக்குறப்ப கொஞ்சம் தேங்காப்பூ, அஞ்சு நிமிஷ வேலை, நுவரெலியால இருந்துக்கிட்டு இத வாரத்துல ரெண்டு தரம் சாப்பிடலன்னா நீங்கதான் இழக்கிறீங்க.

கடைக்கு வருவோம். எண்ணெய் உறையிறத பத்தி சொன்னேன்ல, அதுதான் இங்க கடைச் சாப்பாட்டோட விதி. கொழும்புல, யாழ்ப்பாணத்துல ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்னாடி பொரிச்ச வடைய சாப்பிட்டாலும் பாதகமில்ல, இங்க அரை மணித்தியாலத்துல எண்ணெய் உறைஞ்சு வாயெல்லாம் மெழுகு ஒட்டும், ரோல்ஸ் வெறைச்சிடும், சோறு சில்லுன்னு ஆயிடும். கடைக்காரர் மோசம்னு நினைச்சிடுவோம், பல நேரம் நாம போன நேரம்தான் மோசம். காலைல ஆறரைலருந்து எட்டு வரைக்கும் இடியப்பம், சொதி, சம்பல். சோறு கறி பன்னிரண்டுலருந்து ஒன்றரைக்குள்ள, ரெண்டு மணிக்கு மேல போனா சட்டி அடில மிச்சம்தான். ஷோர்ட் ஈட்ஸ் பின்னேரம் மூணு மணிக்கு மேல பேக்கரில ட்ரே வெளிய வர்றப்ப, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறத எடுக்காம சூடா என்ன இருக்குன்னு கேளுங்க, கேட்டா எடுத்துத் தருவாங்க. பராட்டாவும் கொத்தும் ஆறு மணிக்கு மேல. எட்டு, எட்டரைக்கெல்லாம் டவுன் அடங்கிடும், ஒன்பது மணிக்கு பசிச்சா வீட்டுல பாண்தான்.

நியூ பஸார் வீதில அம்பாள்ஸ் சைவக் கடைல காலைல தோசையும் உளுந்து வடையும் சாப்பிடுங்க, வடை எண்ணெய்லருந்து எறங்குறப்பவே வாங்கணும். அதே வீதில மிலானோ, சோறு கறியும் கோழியும் நம்பி சாப்பிடலாம். கையில கொஞ்சம் காசு இருக்கிற நாள்ல கிராண்ட் ஹோட்டலோட கிராண்ட் இந்தியன், வட இந்திய சாப்பாடு, நான் ரொட்டியும் கறியும் நல்லா இருக்கும், ராத்திரில கூட்டம் நிக்கும், நேரத்தோட போங்க. ஹில் கிளப் 1876ல வெள்ளக்கார தோட்டத்துரைமார் தொடங்கினது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் கேப்பாங்க, அது ஒரு தரம் பாக்கிறதுக்கு சரி, ருசிக்கு போக வேண்டிய எடம்னு நான் சொல்ல மாட்டேன். சித்திரை சீசன்ல டவுன்ல எந்தக் கடைக்கும் போகாதீங்க, கூட்டம், விலை, அவசரம், ஒரு சட்டியும் ஒழுங்கா அவியாது, அந்த ரெண்டு வாரம் வீட்டுல ரொட்டி சுடுங்க.

கொத்துல ஒரு வார்த்தை. கல்லுல ஏற்கனவே கொத்தி மலையா குவிச்சு வச்சிருக்கிறத தட்டுல அள்ளிக் குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க, புதுசா ரொட்டி போட்டு கொத்தச் சொல்லுங்க, லீக்ஸ் கூட போடச் சொல்லுங்க, சால்னா தனியா கேளுங்க. டவுன்ல ஒரு கடைல எனக்கு ரெண்டு தரம் நேத்து ரொட்டில கொத்து குடுத்தாங்க, பேர் சொல்ல விரும்பல, ஆனா கண்டுபிடிக்கிறது லேசு, பழைய ரொட்டி கல்லுல துள்ளும், புது ரொட்டி கல்லோட ஒட்டி எழும்பும், நின்னு பாத்தா தெரியும்.

ரொட்டியும் கட்டச் சம்பலும் வெளிய சாப்பிடணும்னா பெரிய ஹோட்டல்ல தேடாதீங்க, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் பக்கம் தோட்டத்துக்குப் போற சந்திகள்ல சின்ன தேத்தண்ணிக் கடைங்க இருக்கு, காலைல நேரத்தோட போனா இருக்கும். ரெண்டு மரப்பலகை, ஒரு அடுப்பு, அவ்வளவுதான் கடை. வெளிநாட்டுக்காரருக்கு தேயிலை மலைய காட்டி காசு பாக்கிற ஹோட்டல்கள், காலைச் சாப்பாட்டுல பேன்கேக் வைக்கிற எடத்துல எங்க ரொட்டிய வச்சா என்னன்னு நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன். இருநூறு வருஷமா இந்த மலைய நிமித்தி வச்ச மக்களோட சாப்பாடு அது, மரியாதையா ஒரு தட்டுல வைக்கலாம்.

கண்டிக்கு வாங்க இப்ப. கண்டி 500 மீட்டர் உயரம்தான், அங்க மாவும் புளிக்கும் எண்ணெயும் உருகும், அதனாலயே கடைச் சாப்பாடு நுவரெலியாவ விட ஒரு படி மேல. பஸ்ஸுல றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியா மூணு மணித்தியாலம் பக்கம் ஆகும். நானுஓயாலருந்து ரயில்ல போனா இன்னும் கூட நேரம், ஆனா ரயில்ல வடை வரும், கூடைல சுடச்சுட ஏறுற ஸ்டேஷன்ல வாங்கினா மட்டும் நல்லா இருக்கும், மத்த நேரம் பேசாம இருங்க.

காலைல வெறும் வயித்தோட கெளம்பி பேராதனைல எறங்குங்க. கன்னொருவைல விவசாயத் திணைக்களத்தோட ஹெல போஜுன் சாப்பாட்டுக் கடை இருக்கு, பொம்பளைங்க வரிசையா நின்னு கண்ணு முன்னாடியே செஞ்சு குடுக்கிறாங்க, இலைக்கஞ்சி, குரக்கன் ரொட்டி, கெந்த இலைல மடிச்சு அவிச்ச ஹெலப்பங்கிற பலகாரம், பலாக்காய்ல செஞ்சது, விலையும் நியாயம். மைதா, கலர் ஒன்னும் கிடையாது. நம்ம ஆளுங்க பல பேர் சிங்களச் சாப்பாடுன்னு அங்க போறதே இல்ல, அது பெரிய நட்டம், குரக்கனும் வல்லாரையும் நம்ம பாட்டிமாரும் சாப்பிட்டதுதான்.

மத்தியானம் டவுன்ல ரெண்டு வழி. சைவம்னா தலதா மாளிகைக்கு கிட்ட டி.எஸ். சேனநாயக்க வீதில பாலாஜி தோசை, பேப்பர் ரோஸ்ட்டும் மசாலா தோசையும் பெருசா வரும், சட்னி சாம்பார் இந்திய முறை, உங்க யாழ்ப்பாணத்து தாளிச்ச தோசைய எதிர்பாத்து போகாதீங்க, அது வேற ருசி இது வேற ருசி. சோறு கறி வேணும்னா சந்தைப் பக்கத்து கடைகள்ல பொலஸ் இருக்கான்னு கேட்டுட்டு உள்ள போங்க. பிஞ்சுப் பலாக்காய கொறக்காப் புளி, மிளகு, தேங்காப்பால் விட்டு மணிக்கணக்கா மெதுவா அவிச்ச கறி அது, கண்டிச் சமையல்ல எனக்கு முதல் எடம் அதுக்குத்தான். மரக்கறி சாப்பிடாதவங்களே எறச்சிய ஒதுக்கிட்டு அத வழிச்சு சாப்பிடுறத பாத்திருக்கேன். புரியாணி, கொத்து ஆசைன்னா முஸ்லிம் ஹோட்டல், அங்க கூட்டம் ஓயாததால கல்லுல ஒன்னும் பழசாக நேரமே இல்ல, நல்ல கடைக்கு எனக்கு தெரிஞ்ச பெரிய அடையாளம் அதுதான். தலதா வீதில டெவன் பேக்கரிப் பக்கமும் பின்னேரம் எட்டிப் பாக்கலாம்.

திரும்புறதுக்கு முன்னாடி சந்தைக்குள்ள போய் தேங்கா, ரம்பை, கொறக்கா, பொலஸ் ஒன்னு வாங்கிக்கங்க, நுவரெலியால இதெல்லாம் விலை கூட, இல்லன்னா வாடினது. மாத்தளை மிளகு கிடைச்சா கால் கிலோ எடுங்க. கித்துள் வெல்லம் வாங்குறப்ப மட்டும் அவசரப்படாதீங்க, இப்ப சீனி கலந்தது நெறைய வருது. சுத்தமான கித்துள் கருஞ்சிவப்பா, நகத்தால அமுக்கினா பதியிற மாதிரி மெதுவா, லேசா புகை வாசத்தோட இருக்கும், வெளிய வச்சா வேர்க்கும். கலர் வெளிறி, ஒடைச்சா சீனி மணி மணியா மின்னினா வச்சிட்டு அடுத்த கடைக்கு போங்க. மூணு மூணரைக்கெல்லாம் பஸ் ஏறிடுங்க, றம்பொடைக்கு மேல பின்னேரம் மூடுபனி எறங்கினா பஸ் ஊந்துதான் போகும். வீட்டுக்கு வந்ததும் பொலஸ வெட்டி மஞ்சள் தண்ணில போட்டு வைங்க, இல்லன்னா காலைக்குள்ள கறுத்துடும், மறுநாள் குக்கர்ல மூணு விசில் விட்டுட்டு பிறகு சட்டில மெதுவா வத்த விடுங்க, இந்த உயரத்துல சட்டில மட்டும் வச்சா பொழுது போயிடும்.